நானூற்றுப் பதினெட்டாம் எண் பையன்

மிஷன் பெண்கள் விடுதி,
செவ்வாய் இரவு.

என் பிரியமான அடாக்கு அக்காவுக்கு,

எக்கெம்மா எழுதுகிறேன். நீயும் அம்மாவும் அப்பாவும் சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கேட்டுவிட்டேன். இதைத் தனியாக இருந்து படி. அப்பா பக்கத்தில் இருந்தால் மடித்து இடுப்பில் செருகிக்கொள். கிழங்கு வைக்கும் அறையில், பனையெண்ணெய் விளக்கில் எழுதுகிறேன். யாராவது வந்தால் அணைக்க வேண்டும்.

உன் போன கடிதத்தை நாலு தடவை படித்தேன். சனிக்கிழமை ஒக்வுதிலி அத்தான் வீட்டார் உன்னைப் பெண் கேட்டுக் கள்ளுக் குடங்களோடு வருகிறார்கள், அம்மா உன் கைகளுக்கு உலிச் சாயத்தில் கோலம் போடப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். இப்போதே அத்தான் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அக்கா, அந்தச் சனிக்கிழமையை நான் கெடுத்துவிட்டேன். வேறு யாரும் இல்லை. என் வாய்தான்.

வெள்ளைக்கார டீச்சர் விடுமுறை முடிந்து வரும்போது ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்தார். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு துரை நம் ஊர்களில் சுற்றி எடுத்த போட்டோக்கள். நெற்றியில் வரி வரியாகத் தழும்பு வெட்டிய பெரியவர்கள், தலையில் பானையோடு சந்தைக்குப் போகும் பெண்கள், முகமூடி ஆட்டக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களைப் பார்க்க விட்டார். "இது உன் மாமியார்டீ", "இது உன் புருஷன், பல்லைப் பாரு" என்று ஒரே கூத்து.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பதிமூன்று பதினான்கு வயதுப் பையன். கையில் 418 என்று எழுதிய பலகை. கீழே 'ஒரு பையன், உமுஓரி' என்று மட்டும் அச்சடித்திருந்தது. முகம் என் முகம், அக்கா. இடது காதின் மேல் நுனி இல்லை. சின்ன வயதில் நாய் கடித்தது என்று அப்பா சொல்வாரே, அதே காது. நான் எழுந்து நின்று கத்தினேன்: "எங்க அப்பா! எங்க அப்பாடீ இது!" எனக்கு அவ்வளவு பெருமை. புத்தகத்தில் அப்பா உள்ள பெண் இங்கே வேறு யார்?

தலைமுடி தோளுக்குக் கீழே சடை சடையாகத் தொங்கியது. அத்தானின் சித்தப்பா மகள் லோயிஸ் என் வகுப்புதான் என்று உனக்குத் தெரியும். அவள் கேட்டாள்: "உங்கப்பா ஏன் முடியே வெட்டல?" நான் சொன்னேன்: "அந்த ஊர்ல பார்பர் செத்துட்டான் போல." எல்லோரும் சிரித்தார்கள். லோயிஸ் சிரிக்கவில்லை. "எந்த ஊர் போட்டிருக்கு, இன்னொரு தரம் காட்டு" என்றாள். நானே விரலை வைத்துக் காட்டினேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் எப்போதும்போல் நாலு பேரும் ஒரே கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் உருண்டை பிடித்துக் குழம்பில் தொட்டதும் லோயிஸ் கையை எடுத்து, போய்க் கழுவிவிட்டு வந்தாள். "வயிறு சரியில்ல" என்றாள். அடுத்தவளுக்கும் வயிறு சரியில்லை. அதற்கடுத்தவளுக்கும். கிண்ணம் முழுக்க எனக்கே. இவளுகளுக்குக் கொழுப்பு என்று நினைத்து நான் முழுதும் சாப்பிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் தண்ணீர் எடுக்கப் போகும்போது மேல் வகுப்பு பெனினாதான் சொன்னாள். "உனக்கு நெசமாவே தெரியாதா? உன்ன மாதிரி நிலக்கரி டவுன்ல பொறந்த புள்ளைங்களுக்கு ஊர் வழக்கமே தெரியறதில்ல. அந்தச் சடை சாமிக்கு நேர்ந்து விட்டவங்களுக்குடீ. ஒசுன்னு பேரு. அவங்க முடியை யாரும் வெட்ட மாட்டாங்க, அவங்க தொட்டதைத் திங்க மாட்டாங்க, பொண்ணு குடுக்க மாட்டாங்க, எடுக்கவும் மாட்டாங்க. காதுல அடையாளம் வேற." இதைச் சொல்லும்போது அவள் என்னைவிட்டு மூன்றடி தள்ளித்தான் நடந்தாள். அவள் கெட்டவள் இல்லை.

அக்கா, அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் முடி வெட்டிக்கொள்ளப் போவாரே. "என்னத்த வெட்ட, தோலையா?" என்று பார்பர் கேலி செய்தாலும் கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் இருப்பதுபோல் உட்கார்ந்திருப்பாரே. நாம் அதைப் பார்த்து எத்தனை சிரித்திருக்கிறோம். பெரிய காய்ச்சலில் சொந்தம் எல்லாம் செத்துப்போச்சு, ஊரே இல்லை என்று அத்தான் வீட்டார் விசாரித்தபோது சொன்னாரே. நம் சபை உபதேசியாரும் ஆமாம் என்றாரே. அம்மாவுக்குத் தெரியுமா? எனக்கு அதுதான் ரொம்பப் பயமாக இருக்கிறது.

யாருக்கும் சொல்லாதே என்று லோயிஸ் காலில் விழுந்தேன். நிஜமாகவே விழுந்தேன். "நான் பொய் எழுதல. கண்ணால பார்த்ததை எழுதினேன். அது எங்க அண்ணனோட ரத்தம்டீ, நாளைக்குப் பொறக்கிற புள்ளையும் ஒசுவாத்தானே ஆகும்" என்றாள். சொல்லும்போது அவளும் அழுதாள். அவள் பெரியம்மாவுக்கு, அதாவது அத்தானின் அம்மாவுக்கு, எழுதிய கடிதம் திங்கள் காலை லாரியிலேயே போய்விட்டது. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது உரக்கப் படித்துத்தான் சொல்ல வேண்டும். நிச்சயமாகச் சொந்தக்காரர்கள் கூடியிருக்கும்போதுதான் படிப்பார்கள்.

நேற்று ராத்திரி அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். எரிக்கத்தான் கிழித்தேன். அடுப்பில் தணல்கூட இருந்தது. முடியவில்லை. படத்தில் அவருக்குப் பின்னால் பெரியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவரைச் சுற்றி மட்டும் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு வெறும் தரை. போட்டோவில் நன்றாக விழ வேண்டும் என்று இடம் விட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பலகையை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார். என்னைவிடச் சின்னப் பையன். அவரை நான் எப்படி நெருப்பில் போடுவேன்?

பக்கம் கிழிந்திருப்பதை டீச்சர் இன்று கண்டுபிடித்துவிட்டார். நாளைக் காலை ஜெபம் முடிந்ததும் எல்லோரும் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். அதனால் அப்பாவை இந்தக் கடிதத்துக்குள் வைக்கிறேன். விடியுமுன் சமையல்காரரின் மச்சான் சைக்கிளில் கிளம்புகிறார், வியாழக்கிழமை உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். யார் கிழித்தது என்று கேட்டால் நான்தான் என்று சொல்லப் போகிறேன். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இனி இந்தக் கிண்ணத்தில் எனக்கு இடமும் இல்லை.

அத்தானிடம் நீயே முதலில் சொல்லிவிடு. அவர் நல்லவர், ஒருவேளை...

அத்தான் வீட்டார் வராமலே இருந்துவிட்டால் நல்லது. வந்தால்தான் எனக்குப் பயம். அவமானப்படுத்தவென்றே வருவார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கு முதலில் கொடுக்கும் கோலாக் கொட்டையை உடைத்து, தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, சிரித்த முகத்தோடு ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டுவார். ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள். தட்டைப் பிடித்தபடி அவர் நின்றுகொண்டே இருப்பார்.

உன் கல்யாணத்தைக் கெடுத்தவள் உன்னிடம் ஒன்று கேட்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்கிறேன். அந்த நேரத்தில் நீ உள்ளே இருக்காதே. ஆண்கள் எடுக்குமுன் பெண் எடுக்கக் கூடாது என்று யார் கத்தினாலும் கேட்காதே. வெளியே வா. எல்லோரும் பார்க்க, அப்பாவின் தட்டிலிருந்து முதல் துண்டை நீ எடுத்துத் தின்றுவிடு.

கடவுள் உன்னைக் கைவிடாதிருக்கட்டும்.

உன் தங்கை,
எக்கெம்மா.