மூன்று மார்க்

அன்புள்ள நெனித்தா, முட்டிவலி தேவலையா?

நேற்று நர்சிங் கல்லூரியில் இடம் கேட்கப் போய் என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன். என் இருபது வருடப் பழைய மார்க் பட்டியலைப் பார்த்த அலுவலக அம்மாள், "அஞ்சுக்கு மூணா? நல்ல மார்க்தான் சார்!" என்றாள். வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"மேடம், எங்க பிலிப்பைன்ஸ்ல ஒண்ணுதான் உசத்தி. மூணுன்னா தட்டுத்தடுமாறி பாஸ்."

"அப்போ வேதியியல்ல அஞ்சு?"

"பெயில்."

அதை மறுபடி படித்துத் தேறினால்தான் இடமாம். இன்னும் ஒரு வருடம் நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் இந்தப் பெரியவரைக் குளிப்பாட்டிக்கொண்டு, அவர் வீட்டிலேயே படுக்கை. வேறு வழியில்லை. மகள் மாயெட்டின் வேதியியல் நோட்டை அனுப்பு. புரியாவிட்டாலும் அவள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெரியவர் மணியடிக்கிறார். ஓடவேண்டும். அதற்கு முன் ஒன்று.

"ஏன் சார் பெயிலானீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாள். "சோம்பேறி மேடம்" என்று சிரித்தேன். பரீட்சை நேரத்தில் பிரசவ வார்டில் நீ என் கையை விடவில்லை என்று சொல்லவில்லை.

உன் ரோமெல்