பெரட்டில் வைத்த கைநாட்டைப் புவிவெப்பத் திட்டத்துக்கான சம்மதமாகக் கொள்ளலாகாது

அனுப்புநர்:
சி. கந்தப்பன்,
இல. 14, கீழ்லயம்,
வெள்ளருவித் தோட்டம்,
பசறை.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
பதுளை.

பொருள்: கீழ்லயத்தின் முப்பத்தேழு குடும்பங்களைப் புவிவெப்ப மின் திட்டத்தின் வேலிக்குள் அடைப்பதை நிறுத்தி, அவர்கள் கருத்தை நேரிற் கேட்டறிய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தோட்டத்து மக்கள் சார்பில் எழுதுகிறேன் என்றே தொடங்க விரும்பினேன். அதற்கு எனக்கு உரிமை உண்டா என்பதை, ஐந்தாம் பந்தியைப் படித்தபின் தாங்களே முடிவு செய்யலாம்.

1. வரிசை வீடுகளான எமது லயத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. அவ்விடத்தில் ஆழ்துளையிட்டு, நிலத்தடி வெப்பத்தால் மின்சாரம் ஆக்கத் தனியார் நிறுவனமொன்று முன்வந்துள்ளது. திட்டத்தை நாங்கள் வெறுக்கவில்லை. மழை பிடித்தால் நான்கு நாள் விளக்கின்றி இருப்பவர்கள் மின்சாரத்தை வெறுப்பார்களா? எங்களைக் கேளாமல் எங்களைச் சுற்றி வேலியிடுவதையே எதிர்க்கிறோம்.

2. எமது தோட்டத்தில், வேலைக்கு ஆட்கணக்கெடுக்கும் காலைப் பெரட்டின்போது கங்காணி நீட்டும் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால்தான் அன்றைய வேலைக்குப் பேர் விழும். பிந்தியவருக்கு அரைப்பேர், பாதிநாட் கூலி. ஆதலால் நீட்டிய தாளை எவரும் படிப்பதில்லை. வரிசை நகரும், விரல் பதியும். கடந்த ஆகஸ்ட் 26ஆம் நாள் வழமையான தாளின் அடியில் இன்னொரு தாளும் இருந்தது. அதன் தலைப்பில் தமிழ் இல்லை. அறுபத்திரண்டு பேர் இரண்டிலும் விரல் பதித்தார்கள். அந்த இரண்டாம் தாள், மக்கள் கலந்தாய்வில் அனைவரும் இசைந்ததற்குச் சான்றாக நிறுவனத்தின் அறிக்கையில் இணைக்கப்பட்டுள்ளது.

3. இதனைச் செப்டெம்பர் 9ஆம் நாள், எமது முன்பள்ளி ஆசிரியை சிவசக்தி திட்ட அலுவலகத்தில் அந்த அறிக்கையையும் அதிலுள்ள வரைபடத்தையும் கண்ட பின்னரே அறிந்தோம். வேலிக்கோடு ஊற்றை மட்டுமன்றிக் கீழ்லயம் முழுவதையும் வளைத்துச் செல்கிறது. வெளியேற ஒரே வாயில்; காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மட்டுமே அது திறந்திருக்கும். உள்ளே இருப்பது எங்கள் வீடு; பூட்டின் திறப்பு அவர்கள் கையில். பிள்ளைப்பேற்று வலி ஆறு மணிக்கு முன் வரவேண்டும் என்று யார் கட்டளையிடுவது?

மறுநாட் பெரட்டில், கொழுந்து பறிக்கும் பெரியாயி என்பவர் கங்காணியிடம் கேட்டதை அவர் சொற்களிலேயே தருகிறேன்: "ஏங்க கங்காணி, வேலைக்கு வந்தேன்னுதானே விரல வச்சேன்? வீட்டக் குடுத்தேன்னு எப்பச் சொன்னேன்?" கங்காணியின் மறுமொழி: "என்னைய ஏன் ஆத்தா கேக்குற? நானும் அதே தாள்லதான வச்சுருக்கேன்." அவர் வீடும் வேலிக்குள்ளேதான்.

4. ஆட்சேபம் தெரிவிக்க இம்மாதம் 30ஆம் நாள் கடைசி. அதற்கான படிவம் காணி உறுதியின் இலக்கத்தைக் கேட்கிறது. நான்கு தலைமுறையாக வாழ்ந்தும், லயம் தோட்டத்துக்குரியது என்பதால் எங்களுள் எவரிடமும் உறுதிப் பத்திரம் இல்லை. நிரப்பிக் கொடுத்த பதினொரு படிவங்களையும் திட்ட அலுவலகம் திருப்பிவிட்டது. சம்மதிக்க ஒரு விரல் போதுமாம். மறுக்க மட்டும் காணி உறுதி வேண்டுமாம்! விருப்பமில்லாதவர் லயத்தை விட்டு வெளியேறலாம் என்கிறது தோட்ட நிர்வாகம். வீட்டை விட்டால் வேலை இல்லை. வேலையை விட்டால் வீடில்லை. எத்திசையில் வெளியேறுவது, ஐயா?

5. இனி என் பிழை. முப்பது ஆண்டுகளாகத் தொழிற்சங்க மேடைகளில் பேசி வருபவன் நான். ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை, கோவில் முற்றத்தில் நிறுவனத்தார் ஒலிவாங்கியை என்னிடம் தந்தார்கள். மண்ணின் மடியில் கனலும் தீ நம் மனைகளில் ஒளியாகும் என்று நாற்பது நிமிடம் முழங்கினேன். வரைபடம் எங்கே என்று கேட்கவில்லை. கூட்டத்தில் எழுந்த ஒரே குரல் பெரியாயியுடையது: "வேலி எங்கிட்டு வருங்கய்யா?" நான் ஒலிவாங்கியில், "ஒங்க அடுப்படிக்கா வரப்போகுது? ஒக்காருங்க அக்கா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அமர்ந்தார். இன்று வேலிக்கம்பம் ஒன்று அவர் அடுப்படிச் சுவரிலிருந்து இரண்டு முழத்தில் நிற்கிறது. நிறுவனத்தின் அறிக்கையில் அந்தக் கூட்டமே முதற் கலந்தாய்வாகவும், அந்தச் சிரிப்பே மக்கள் ஆதரவாகவும் பதிவாகியுள்ளன.

6. இம்மனுவில் என் ஒப்பம் ஒன்றே உண்டு. முப்பத்தேழு வீடுகளுக்கும் தாளோடு சென்றேன். எவரும் விரல் வைக்கவில்லை. பெரியாயி என்னை அமரச் சொன்னார், தேநீரும் தந்தார். தாளை எடுத்தபோது இரு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார். இனி எந்தத் தாளையும் அவர்கள் நம்பமாட்டார்கள். கையெழுத்து இல்லாமையை எதிர்ப்பு இல்லாமை என்று கொள்ளவேண்டாம்.

ஆகவே, அந்த அறுபத்திரண்டு ஒப்பங்களையும் என் உரையையும் சம்மதக் கணக்கிலிருந்து நீக்குமாறும், காணி உறுதி இல்லாதோரின் ஆட்சேபத்தையும் ஏற்கப் பணிக்குமாறும் வேண்டுகிறேன். அனைத்தினும் மேலாக, 30ஆம் நாளுக்கு முன் தாங்களே தோட்டத்துக்கு வந்து, வரைபடத்தை விரித்து, தமிழில், வாய்மொழியாக அவர்களைக் கேட்க வேண்டும். கேட்கும் நேரத்துக்கு எவர் பேரும் அரைப்பேராகக் குறையாதிருக்க ஆவன செய்யவேண்டும். அன்று நான் வாய் திறவேன்.

கம்பங்கள் நட்டு முடிந்துவிட்டன. கம்பிச் சுருள்கள் நேற்று மாலை லொறியில் வந்து இறங்கின. கம்பி கட்டப்படுமுன் தாங்கள் வரவேண்டும். பிறகு வந்தால், வாயிற்காவலரிடம் அனுமதி பெற்றே எங்களைக் காண நேரும்.

இங்ஙனம்,
தங்கள் வருகையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
சி. கந்தப்பன்

இடம்: வெள்ளருவித் தோட்டம், பசறை
நாள்: 2025.09.18