ஊறுகாய் என்று திறந்த ஏரிச் சேறு

தில்லி, 14-3-1963

அன்புள்ள அப்பாவுக்கு ஜெயத்தின் வணக்கம். நான் சௌக்கியம். அம்மாவுக்கு இருமல் தேவலையா?

நீங்கள் அனுப்பிய பனமலை ஏரிச் சேற்றைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து, விடுதி ஜன்னலில் வெயில்பட வைத்திருந்தேன். அது செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. அறைத்தோழி ஊறுகாய் என்று நினைத்துத் திறந்துவிட்டாள். அழுகின முட்டை நாற்றத்தில் மாடியே காலி! வார்டனிடம் கெஞ்சி ஜாடியைக் காப்பாற்றினேன்.

“சேத்துல இன்னாம்மா கீது?” என்று கேட்டீர்களே. அந்தச் சிவப்பு முழுக்க உயிர், அப்பா. செடிபோல வெயிலைக் கொண்டு வாழும் பாக்டீரியா. பேராசிரியர் அதிலேயே ஆராய்ச்சி செய்யச் சொல்லிவிட்டார்.

இன்னொரு டப்பா சேறு அனுப்புங்கள். அம்மா போட்ட ஊறுகாயும் கொஞ்சம், தனியாகக் கட்டி. வகுப்புக்கு மணி அடிக்கிறது, முடிக்கிறேன். தோழி “ஊறுகாய்!” என்று கூவியபோது, சேறு என்று தெரிந்த நானே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

உங்கள் ஜெயம்