கல்லச்சு நகரத்தில் நமக்கொரு ஜன்னல்

நேற்று அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். கம்பெனியில் எங்கள் லைன் பெண்களைப் பெங்களூருக்குச் சுற்றுலா கூட்டிப்போயிருந்தார்கள். மியூசியத்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே மற்றவர்கள் போட்டோ எடுக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் மாடி ஏறினேன். அதே சுவர், அதே கறுப்புச் சட்டம். கண்ணாடியில் என் முகம் மட்டும் தெரிந்தது.

நாம் இருவரும் சேர்ந்து பார்த்த அந்தப் படம் உனக்கு நினைவிருக்கும். ஒரு பெரிய நகரம். கட்டடம் என்று எதையும் ஒழுங்காக வரையவில்லை. கறுப்பும் சாம்பலுமாக உயர உயரப் பட்டைகள், நடுநடுவே தாளின் வெள்ளையையே ஜன்னலாக விட்டிருப்பார்கள். மேலே, வானம் இருக்கவேண்டிய இடத்தில் மங்கலாய் ஒரு மஞ்சள். கீழே இருந்த கன்னட எழுத்தை நீதான் படித்துச் சொன்னாய். கல்லில் வரைந்து, அதில் மை தடவித் தாளில் ஒற்றி எடுத்ததாம். "கல்லுல இவ்ளோ பெரிய ஊரக் கட்டிட்டாங்க பாரு," என்றாய்.

ஒசூருக்குப் பக்கத்தில் பேரிகை ஊர்க்காரி நீ. வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், என்னோடு தமிழ். ராமநாதபுரத்திலிருந்து வந்த எனக்கு ஒசூரில் முதல் வருஷம் உன்னைத் தவிர யாருமில்லை. லைனில் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்து வண்டிகளுக்கு வயர் கோர்த்தோம். ஹாஸ்டலில் ஒரே அறையில் தூங்கினோம். அடுத்த வருஷம் இருவருமாக ஒரு சின்ன வீடு பிடிப்பது என்று பேசிவைத்திருந்தோம். அதனால்தான் அன்று படத்தின் உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டி, "ஏம் புள்ள, இது நம்ம வீடு. சரியா?" என்றாய்.

"அவ்வளவு உசரத்துக்கு நான் வரமாட்டேன். லிப்ட் நின்னுபோனா?"

"நின்னா நடந்து வா. நான் சோறாக்கி வைக்கிறேன்."

ஆறு மாதத்தில் உனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை, ஒன்பதாவது மாடியில் வீடு. உன் பெட்டியை நான்தான் கட்டினேன். ஆனால் எனக்குக் கோபம். பேசிவைத்ததை எல்லாம் ஒரே வாரத்தில் மறந்துவிட்டாயே என்று கோபம்.

நீ போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். "ஞாயித்துக்கிழமை வா புள்ள. இங்க பக்கத்து வீட்ல யாரு இருக்காங்கன்னே தெரியல. பேசறதுக்கு ஒரு ஆள் இல்ல." நான் ஒவ்வொரு தடவையும் ஓவர்டைம் என்றேன். பல ஞாயிறுகளில் அது உண்மை. கடைசியாக நீ கேட்ட ஞாயிறு உண்மையில்லை. அன்று மின்சாரப் பராமரிப்புக்காகக் கம்பெனியே மூடியிருந்தது. நான் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "ஓவர்டைம், வரமுடியாது," என்றேன்.

"சரி, சாப்பிட்டுப் போ," என்று மட்டும் சொன்னாய்.

அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். ஐந்தாவது நாள் உன் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, நீ போய்விட்டாய், பேரிகைக்குக் கொண்டுபோகிறோம் என்றார். நான் பேரிகைக்கு வந்து சேர்ந்தபோது உன்னை எடுக்க ஆயத்தமாகிவிட்டார்கள். காலைத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

காரியம் முடிந்தபின் உன் அம்மா என்னை அழைத்தார்கள். பெங்களூர் வீட்டைக் காலி செய்கிறார்கள், உன் துணிமணி எடுக்கத் துணைக்கு வா என்றார்கள். அப்படித்தான், நீ இல்லாத நாளில், உன் வீட்டுக்கு முதன்முதலாக வந்தேன். லிப்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அலமாரியில் மடித்திருந்த உன் சுடிதார்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைக்கும்போது என்னால் தாங்கமுடியவில்லை. சொல்லிவிட்டேன். "அம்மா, அன்னிக்கு எனக்கு ஓவர்டைம் இல்ல. பொய் சொன்னேன்."

உன் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவளுக்குத் தெரியும் கண்ணு. கூட வேலை செஞ்ச இன்னொரு பொண்ணுக்கு போன் போட்டிருந்தா, கம்பெனி லீவுன்னு அவ சொல்லிட்டா. நான்தான் திட்டுனேன், இப்படியும் ஒரு சிநேகிதியான்னு. 'விடும்மா, கோவம் ஆறட்டும், தானா வருவா'ன்னா."

அந்தத் துணிப்பையைப் பேரிகை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் உன் அம்மா தூங்கினார்கள்.

ஹாஸ்டலில் இப்போது எனக்குத் தனி அறை. சீனியர் என்பதால் கொடுத்தார்கள். கோபித்துக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமானவர்கள் அதிகம் பேர் இல்லை. ஊரில் தம்பி இருக்கிறான், ஒரு சித்தி இருக்கிறாள். அவர்களோடு மனஸ்தாபம் வராமலில்லை. ஆனால் ஆறட்டும் என்று நான் இப்போதெல்லாம் உட்கார்ந்திருப்பதில்லை. கோபத்தோடேயே பஸ் ஏறிவிடுகிறேன்.