கூரையில்லாத சிவப்பு வண்டி

மார்ச் 4

பல் டாக்டர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பெயிண்ட் அடிக்க விட்டுப்போனார். கூரையில்லாத சிவப்பு வண்டி, மகளுக்காக வாங்கியதாம். முன்னும் பின்னும் ஸ்டாண்டு வைத்துத் தூக்கினேன். திறந்த கதவு மறுபடி மூடவில்லை. வண்டி நடுவில் தொய்கிறது. கூரை இல்லாத வண்டிக்குக் கதவடியில் ஓடும் பெட்டிச்சட்டம்தான் முதுகெலும்பு. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன் – நனைந்த அட்டை மாதிரி உள்ளே போயிற்று.

அண்ணனிடம் சொன்னேன். "பெயிண்டுக்குத்தானே குடுத்தாரு? நீ பெயிண்டப் பாரு."

மார்ச் 5

கீழே அண்ணன் பட்டறை, மேலே அண்ணன் வீடு. புருஷனை விட்டு மகளோடு வந்து நான்கு வருடம். பட்டறையில் வெல்டிங், பெயிண்ட் எல்லாம் நான்தான். மகளைப் பள்ளியில் விடுவதைத் தவிர, தெருவைப் பார்ப்பதே ஜன்னல் வழியாகத்தான்.

மார்ச் 9

அண்ணன் சொல்கிறான், துரு மேல் தகடு ஒட்டிப் பூசி மறைக்கணுமாம். கதவு இடிக்கிற ஓரத்தை ராவிவிடணுமாம். டாக்டரின் மகள் இதை நெடுஞ்சாலையில் ஓட்டப்போகிறாள்.

மார்ச் 10

தலைவலி என்று பொய் சொல்லிப் படுத்துவிட்டேன். எத்தனை நாளைக்கு?

மார்ச் 12

டாக்டர் வந்தார். அண்ணன் வெளியே போயிருந்தான். சொல்லிவிட்டேன். "சார், இத ஓட்டாதீங்க. அடிச்சட்டம் மொத்தமும் துரு. ஒரு இடி வாங்கினா ரெண்டா மடங்கிரும்." கதவைத் தள்ளிக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

சாயங்காலம் அண்ணன் கத்தினான். "என் வீட்ல இருந்துக்கிட்டு எனக்கே குழி பறிக்கிறியா?" அண்ணி தன் பங்குக்கு, "போக்கிடம் இல்லாதவளுக்கு வாய் மட்டும் நீளம்." மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏன்தான் வாயைத் திறந்தேனோ... இல்ல, திறந்தது சரிதான்.

மார்ச் 13

சட்டத்தையே மாற்றச் சொல்லிவிட்டாராம் டாக்டர். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "நீயே பண்ணித் தொலை."

மார்ச் 24

வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டு வைத்தேன். இல்லாவிட்டால் வண்டியின் உடல் கோணிவிடும். பிறகு துருவை வெட்டி எடுத்து, கனத்த தகட்டில் புதுச் சட்டம். குழாய்களை எடுத்ததும் கதவைத் தள்ளி மூடினேன். 'டக்'. இரண்டு பக்கமும்.

ஏப்ரல் 2

டாக்டரின் மகள் வந்து எடுத்துப்போனாள். "யாரு வெல்டு பண்ணது?"

"எல்லாம் நம்ம கைதான்மா" என்றான் அண்ணன். நான் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 6

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பஸ் பாடி கட்டும் ஷெட்டுக்குப் போனேன். ஃபோர்மேன் ஒரு தகட்டை நீட்டி, "வெல்டு பண்ணிக் காட்டுங்க" என்றார். காட்டினேன். திங்கட்கிழமை வரச் சொன்னார். ஷெட்டுக்குப் பின்னால் தங்க ஒரு அறை காலியாம்.

அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. சாப்பிடும்போது அண்ணி கரண்டியோடு வந்து, "இன்னும் போடவா?" என்றாள்.

போதும் அண்ணி என்றேன்.