நான் நிறுத்திய ஒப்பாரி

என் அருமைப் பச்சையம்மா,

நீ போய் இன்றோடு பதினொரு நாள். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கருமாதி. அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்க உன் மகள் செல்வி ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறாள். நேற்று என் எதிரில் வந்து உட்கார்ந்து, "பெரியம்மா, நீங்கதான் கான்வென்ட்ல படிச்சவங்க. அம்மா எங்களுக்கெல்லாம் ஒரு இன்ஸ்பிரேஷன்னு தமிழ்ல நல்லா எழுதிக் குடுங்க. ஒரு பக்கம் போதும்" என்றாள்.

சரி என்றேன். ஆனால் இன்ஸ்பிரேஷன் என்ற அந்த ஒரு சொல்லைத் தாண்ட முடியவில்லை. நீ யாருக்கும் எடுத்துக்காட்டாக இருக்க நினைத்தவள் இல்லை. அப்படி எழுதினால் நீயே சிரிப்பாய். அந்தச் சொல் உனக்குப் பொருந்தும்தான். ஆனால் செல்வி நினைக்கிற பொருளில் அல்ல.

முன்பெல்லாம் நம் ஊர் அடி அண்ணாமலையில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் உன்னைக் கூப்பிட ஆள் வரும். தலைமாட்டில் உட்கார்ந்து சற்று நேரம் சும்மா இருப்பாய். பிறகு மூச்சை இழுத்து ஒப்பாரி எடுப்பாய். உன் பக்கத்து வீட்டுக்காரர் இறந்தபோது, "தைக்கக் குடுத்த செருப்ப வாங்காமலே போறீங்களே" என்று பாடினாய். அதுவரை கல்லாக இருந்த அவர் மனைவி அப்போதுதான் அழுதாள். இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று உன்னைக் கேட்டேன். "தெரிலக்கா. செத்தவங்க எத பாதில வுட்டுட்டுப் போறாங்கன்னு பார்ப்பேன். மீதி தானா வந்துடும்" என்றாய்.

இதற்கு நான் தமிழில் என்ன பெயர் வைப்பது? ஊக்கம் என்றால் அது வெளியிலிருந்து ஒருவர் தருவது. உன் மூத்தார், என் கணவர், அதை உனக்குத் தாராளமாகவே தந்தார். "நான் போனா நீதான் பாடணும், பச்சையம்மா. உன் அக்கா இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசி அனுப்பிடுவா" என்பார், இலை முன்னால் உட்கார்ந்து. "நல்லா சொன்னீங்க மாமா. மொதல்ல ரசத்த ஊத்திக்கங்க" என்பாய். தூண்டுதலுக்கும் இன்னொருவர் விரல் வேண்டும், விளக்குத் திரிக்கு வேண்டியதுபோல. ஆவேசம் என்றால் தன்னினைவு இருக்காது. நீயோ பாட்டின் நடுவில், "யாராச்சும் அந்தக் கொழந்தைய வெயில்லேர்ந்து தூக்குங்கடி" என்று அதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாய். உன்னுடையது இவற்றில் எதுவும் இல்லை.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

எட்டு வருடங்களுக்கு முன் என் கணவர் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தார். அவர் அலுவலகத்து ஆட்கள் சலவைச் சட்டையோடு வரிசையாக நின்றார்கள். என்னோடு படித்தவர்கள் இரண்டு பேர் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். துக்கத்தைச் சத்தமில்லாமல் சுமக்க வேண்டும் என்று கற்ற கூட்டம் நாங்கள். நீ அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாய். அவர் முகத்தையே பார்த்தாய். மூச்சை இழுத்தாய்.

நான் கையை உயர்த்தினேன். உனக்கு மட்டும் கேட்கும்படி, "நிறுத்து. இது கீழ்பென்னாத்தூர் இல்ல" என்றேன்.

உன் பிறந்த ஊரைச் சொல்லி உன்னை அடித்தேன். நீ வாயை மூடிக்கொண்டு எழுந்தாய். உள்ளே போய், துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டாய்.

பால் தெளித்த அன்று நம் நாத்தனார் எல்லோர் முன்னாலும் உன்னைக் கேட்டார்: "ஊருக்கெல்லாம் பாடறவளுக்கு சொந்த மூத்தாருக்குன்னா தொண்ட கட்டிக்கிச்சா?"

"வரல அண்ணி. வந்தாத்தான பாடறது" என்றாய். என் பக்கம் நீ திரும்பக்கூட இல்லை. நான் அங்கேதான் நின்றேன், ஒரு வார்த்தை பேசாமல்.

அதற்குப் பிறகு உன்னை எந்த வீட்டிலும் கூப்பிடவில்லை. மூத்தாருக்கே பாடாதவள் என்ற பெயர் உனக்கு நிலைத்துவிட்டது. பெரியப்பாமேல் அம்மாவுக்கு ஏதோ மனத்தாங்கல் என்று செல்வி இன்றுவரை நம்புகிறாள். இத்தனை வருடம் அதை ஏன் மாற்றாமல் விட்டாய்? என்னைக் காப்பாற்றவா? அல்லது என்னிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டாயா?

உன் சாவுக்கு ஒப்பாரி பாட மைக் செட்டோடு ஒரு அம்மாளைக் காசு பேசி வரவழைத்தார்கள். "செத்தவங்க பேரு இன்னா? எத்தினி புள்ளைங்க?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நல்ல குரல், நல்ல பயிற்சி. "மாடி வீட்ட வுட்டுப் போனியே" என்று பாடினார். உனக்கு ஏதடி மாடி? ஓட்டு வீட்டு வாசலில் நின்று நாங்கள் எல்லோரும் அழுதோம். அந்த அம்மாளை நான் குறை சொல்லவில்லை. அது தேர்ச்சி. தேர்ச்சியைக் கற்றுக்கொள்ளலாம்.

அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். உனக்காக ஒரு வரி, ஒரே ஒரு வரி பாட நினைத்தேன். ஆசை இருந்தது. முயன்றும் பார்த்தேன். என்னிடம் சொற்களுக்கும் பஞ்சமில்லை. ஒன்றும் வரவில்லை, பச்சையம்மா. அப்போதுதான் புரிந்தது. உனக்கு வந்ததை யாராலும் யாருக்கும் கொடுக்க முடியாது. தடுக்க மட்டும் முடியும். அதற்கு ஒரு கை போதும்.

அன்று உன் முதல் வரி என்ன? அவர் எதைப் பாதியில் விட்டுப் போனார்? அந்தச் சற்று நேரத்தில் நீ அதைப் பார்த்துவிட்டாய். அவரோடு நாற்பது வருடம் வாழ்ந்த எனக்கு அது தெரியாது. பிறகாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

செல்வி கேட்ட பக்கம் இதுதான். ஒரு சொல்லும் மாற்றாமல் அச்சுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை உன் வாசலில், நம் நாத்தனார் முன்னால், எழுந்து நின்று நானே இதைப் படிப்பேன். செல்வி அதன் பிறகு என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாளா என்று தெரியவில்லை. கூப்பிடாமல் போனாலும் படிப்பேன். இது உனக்கு என் வாக்கு.

உன் ஓரகத்தி,
உன்னைத் தங்கை என்று ஒருநாளும் கூப்பிடாத அக்கா