‘எனக்கும் அப்படித்தான்’ என்றாய்

இன்று காலை சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். ஸ்பிரிட் பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், பக்கத்தில் இருந்த இளம்பெண்ணிடம் ஊசி போட்டவள் கேட்டாள்: “கருமுட்டை எவ்வளவு இருக்குன்னு பாக்குற டெஸ்ட்தானே? நாளைக்கு உங்க போனுக்கே வந்துரும்.” அந்தப் பெண் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். எனக்குத்தான் அந்த ஸ்பிரிட் வாடை தொண்டையில் நின்றுவிட்டது. நீ போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. நீ இருந்தபோது பேசாததை இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. காரைக்கால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நீயும் நானும் அடுத்தடுத்த நாற்காலிகளில் டிரங்க் கால் இணைத்துக்கொண்டிருந்தோம். இருவருக்கும் கல்யாணமாகிப் பல வருஷம். இருவருக்கும் குழந்தை இல்லை. ஊரில் பிறக்கிற பிள்ளைகளின் சேதியெல்லாம் நம் காது வழியாகத்தான் வெளியூர் போகும். “பொண்ணு பொறந்திருக்கு” என்று யாராவது கத்தினால், நீ என்னைப் பார்ப்பாய், நான் உன்னைப் பார்ப்பேன்.

ஹார்மோன் அளவை ரத்தத்தில் பார்க்கலாம், பாண்டிச்சேரிக்குப் போங்கள் என்று இங்கிருந்த லேடி டாக்டர் நம் இருவரையும் அனுப்பினார். உனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வரும். அதை ஒட்டி உனக்கு ரத்தம் கொடுக்க ஒரு நாள் சொன்னார்கள். எனக்கு மாதக்கணக்கில் வராமலே இருந்ததால் எந்த நாளானாலும் பரவாயில்லை என்றார்கள். அதனால் உன் நாளிலேயே நானும் வந்தேன். அந்த வித்தியாசத்திலேயே எல்லாம் இருந்தது. எனக்கு அப்போது புரியவில்லை.

ரத்தம் மெட்ராஸுக்குப் போய் முடிவு வர வாரக்கணக்கில் ஆயிற்று. அதைக் கேட்கவும் சேர்ந்தேதான் போனோம். முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா நல்லவர், சுற்றி வளைக்கவில்லை. “முட்டையை வளரச் சொல்லி மூளைக்கிட்டேருந்து வர்ற ஹார்மோன் ரொம்ப ஏறியிருக்கும்மா. சினைப்பை பதில் சொல்லலன்னா அது அப்படித்தான் ஏறும். உங்களுக்கு முட்டை அநேகமா தீர்ந்துபோச்சு.” எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தீர்ந்துபோச்சு என்பதை அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும்தான் அதுவரை கேட்டிருந்தேன்.

வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ உள்ளே போய்ச் சீக்கிரமே திரும்பினாய். என் முகத்தைப் பார்த்தாய். கையைப் பிடித்தாய்.

“எனக்கும் அப்படித்தான் சொன்னாங்கடி” என்றாய்.

பஸ் சிதம்பரம் தாண்டியது. பிறகு நீதான் சொன்னாய்: “ஒருத்தருக்கொருத்தர் இருக்கோம்ல. போதும், விடு.” அழுகையோடு அழுகையாக எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. எனக்கு மட்டும் இல்லை என்ற ஆறுதல்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அந்த ஆறுதலில்தான் வாழ்ந்தேன். விரதங்களை விட்டோம். வளைகாப்புக்கு யார் அழைத்தாலும் இருவருக்கும் அன்று டியூட்டி என்று சொல்லிவிடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அரசலாறு கடலில் சேரும் இடத்தில் போய் உட்கார்ந்து, பொரித்த மீன் தின்று, வாய்விட்டுச் சிரித்தோம். என் மாமியார் கேட்கிற கேள்விகளை உன்னிடம் நடித்துக் காட்டினால் பாதி வலி போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் நெடுங்காட்டிலிருந்து என் தங்கை வந்தாள். மூன்றாவதாக வயிற்றில் நிறைமாதம். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “அக்கா, இத ஒனக்குன்னே நெனச்சிக்கிட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க. பொறந்ததும் தூக்கிட்டுப் போயிரு” என்றாள். என் வீட்டுக்காரர் அன்று இரவு சாப்பிடும்போது தானாகவே சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எக்ஸ்சேஞ்சில் உன்னிடம் சொன்னேன். “நீ என்னடி சொல்ற?” என்று கேட்டேன். நீ ஹெட்போனைக் கழற்றாமலே, “உன் இஷ்டம்டி” என்றாய். உன் முகம் வாடிப்போயிருந்தது. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், நீ வெறுங்கையோடு நிற்கிறாய். அப்படி ஒரு காட்சி என் கண்ணில் வந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

தங்கையிடம் வேண்டாம் என்றேன். ஏன் என்று என் வீட்டுக்காரருக்குக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொன்னேன்: “ஒன்ன விட்டுட்டு நான் மட்டும் எப்புடிடி.” நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். தங்கைக்கு ஆண் பிள்ளை பிறந்தது. அவளே வளர்த்துக்கொண்டாள்.

பிறகு முதுகுவலி என்று நீ நீண்ட லீவு போட்டு அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாய். ஒரு பிற்பகல், நெய்வேலிக்கு ஒரு டிரங்க் கால். இணைத்துவிட்டு, லைன் சரியாகக் கேட்கிறதா என்று காதை வைத்திருந்தேன். உன் வீட்டுக்காரரின் குரல்.

“அண்ணே, நல்ல சேதிதான். அஞ்சு மாசம். வெளியில யாருக்கும் சொல்லல. அவ இங்க தருமபுரத்துல, நம்ம வீட்டுலதான் இருக்கா, அம்மா வீட்டுக்கெல்லாம் போகல.”

அழைப்பு முடியும் வரை இணைப்பைத் துண்டிக்கவில்லை. என் வேலையை நான் ஒழுங்காகவே செய்தேன்.

டியூட்டி முடிந்ததும் உன் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த நீ முந்தானையை இழுத்து வயிற்றை மூடினாய். என்னிடமிருந்து மூடினாய்.

“பாண்டிச்சேரியில ஒனக்கு என்னடி சொன்னாங்க?”

“எல்லாம் நல்லா இருக்கு, மாத்திரை சாப்பிட்டா போதும்னாங்க. நீ நின்ன நெலையப் பாத்து எனக்கு எப்புடிடி அதச் சொல்ல வாய் வரும்?”

“சரி. அன்னைக்கு வரல. என் தங்கச்சி வந்து கேட்டப்ப?”

நீ தரையைப் பார்த்தாய். “அப்ப எனக்கு நாள் தள்ளியிருந்துச்சு” என்றாய். “தங்குமோ தங்காதோன்னு பயம். தங்காமப் போயி, நீயும் புள்ளையோட இருந்தியன்னா, நான் மட்டும் தனியா...”

நீ தனியாகிவிடுவாய் என்று நான் ஒரு பிள்ளையை வேண்டாம் என்றேன். தனியாகிவிடுவோம் என்று நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய். முதல் பொய்யை நான் அன்றே மன்னித்திருப்பேன். அது என் முகத்தைப் பார்த்துப் பிறந்த பொய். இரண்டாவது முறை நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அதன்பின் ஷிப்ட் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். உனக்குப் பெண் பிறந்தது. பிள்ளை பிறந்ததற்கு எல்லோருக்கும் கொடுத்த சர்க்கரையை நீயே கொண்டுவந்து என் ஸ்விட்ச் பலகைமேல் வைத்தாய், நான் தொடவில்லை. ஒரே கட்டடத்தில் வருஷக்கணக்காக வேலை விஷயம் தவிர வேறு பேச்சில்லாமல் இருந்தோம்.

உன் சாவுக்கு வந்தேன். உன் மகள் என்னைக் கட்டிக்கொண்டு, “பெரியம்மா, அம்மா ஒங்களப் பத்தியே பேசிக்கிட்டிருப்பாங்க. ஒங்கள மாதிரி ஒருத்தங்க கெடைக்க மாட்டாங்கன்னு சொல்லுவாங்க” என்றாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அதையும் நீ என்னிடம் சொல்லவில்லை, பார்த்தாயா?

போன வாரம், அன்று நான் வேண்டாம் என்ற தங்கை மகன் தன் மனைவியோடு வந்திருந்தான். அவள் உண்டாகியிருக்கிறாளாம். “பெரியம்மா, ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்றோம்” என்றான். எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அந்த நொடியில், இதை உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நெஞ்சு பறந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. இத்தனை வருஷத்தில் எந்த நல்ல சேதி வந்தாலும் எனக்கு அப்படித்தான்: முதலில் நீ, பிறகு நீ செய்தது. இந்த வரிசையை மாற்ற எவ்வளவோ பார்த்துவிட்டேன். என்னால் முடியவில்லை.